ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும்: வாங்கும்போதே கவனிக்க வேண்டியவை

கேள்வி: மகள் கணினி அறிவியல் படிக்கப் போகிறாள். லேப்டாப்பில் விண்டோஸும் வேண்டும், லினக்ஸும் வேண்டும் என்கிறாள். 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ளதையே எடுங்கள், அப்புறம் பார்ட்டிஷன் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் கடைக்காரர். அது போதுமா?

பதில்: பார்ட்டிஷன் போடலாம், அதாவது டிஸ்க்கைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கலாம். இடம்தான் போதாது. பெட்டியில் 256 என்று இருந்தாலும் விண்டோஸில் திறந்து பார்த்தால் ஏறக்குறைய 238 என்றுதான் காட்டும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. அந்த 238இலும் விண்டோஸைப் பழையபடி மீட்பதற்காகக் கம்பெனி ஒதுக்கும் ரெக்கவரி பார்ட்டிஷன் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 11க்குக் குறைந்தது 64 ஜிபி வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். அப்டேட்டுகளும் மற்ற மென்பொருள்களும் சேர்ந்தால் 100 ஜிபியைத் தாண்டிவிடும். லினக்ஸுக்கு 25 ஜிபி போதும் என்பார்கள். அது நிறுவுவதற்கு மட்டும். படிக்கிற பிள்ளைக்கு 60 ஆவது ஒதுக்குங்கள்.

முதல் நாள் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஒரு வருடம் கழித்து விண்டோஸ் இருக்கும் சி டிரைவ் நிரம்பிச் சிவப்பாகும்போதுதான் சிக்கல் தெரியும். டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையைப் பாருங்கள். பார்ட்டிஷன்கள் ரயில் பெட்டிகள் போல வரிசையாக நிற்கும். விண்டோஸின் அந்தக் கருவியில் சி டிரைவை நீட்ட வேண்டுமானால் அதற்கு உடனடி வலப்பக்கத்தில் காலி இடம் இருக்க வேண்டும். அங்கேதான் லினக்ஸ் உட்கார்ந்திருக்கும். அதை மொத்தமாக வலப்புறம் நகர்த்த வேண்டும். மணிக்கணக்கில் ஆகலாம். நடுவில் மின்சாரம் போனால் உள்ளே இருப்பதும் போகும். அதனால் 512 ஜிபிக்குக் கீழே வாங்காதீர்கள்.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட் இன்னொன்று காலியாக இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். ஸ்டோரேஜ் போர்டிலேயே சால்டர் செய்ததா, கழற்றி மாற்றக்கூடியதா என்றும் கேளுங்கள். இரண்டாவது ஸ்லாட் இருந்தால் லினக்ஸுக்குத் தனி எஸ்எஸ்டி போட்டுவிடலாம், சி டிரைவைத் தொடவே வேண்டாம். நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். லினக்ஸ் எப்போதாவது சில பயிற்சிகளுக்கு மட்டும்தான் தேவை என்றால், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வசதி போதும், பார்ட்டிஷனே வேண்டியதில்லை.

வாங்கியதும், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, டச்பேட், கேமரா எல்லாம் வேலை செய்கிறதா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி: 200 ஜிபி காலியாக இருந்தும் சி டிரைவை 18 ஜிபிக்கு மேல் சுருக்க முடியவில்லை. எப்படியோ சமாளித்து லினக்ஸ் போட்டேன். இப்போது விண்டோஸைத் திறந்தால் நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. எங்கே போய்த் தேடுவது?

பதில்: அவசரமானதை முதலில் சொல்கிறேன். அது பிட்லாக்கர் ரெக்கவரி கீ, அதாவது டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியின் மீட்புச் சாவி. இப்போது பல லேப்டாப்கள் டிஸ்க்கைப் பூட்டிய நிலையிலேயே வருகின்றன. பூட் ஆகும் முறையில் மாற்றம் தெரிந்தால் விண்டோஸ் சாவி கேட்கும். வேறு போனிலோ கணினியிலோ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கே இருக்கும். நீலத் திரையில் தெரியும் கீ ஐடியோடு ஒப்பிட்டு, பொருந்தும் எண்ணைப் போடுங்கள். கிடைக்கும்வரை எதையும் ஃபார்மேட் செய்யாதீர்கள்.

என் தம்பிக்கும் இதே திரை வந்தது. அவன் கணக்கில் சாவி இல்லை. லேப்டாப் வாங்கிய அன்று, 'நாங்களே செட் பண்ணித் தருகிறோம்' என்று கடைப் பையன் ஏதோ ஒரு மெயில் ஐடியைப் போட்டுத் திறந்திருக்கிறான். சாவி அந்தக் கணக்குக்குப் போய்விட்டது. அதன் பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில்லை. மூன்று வருடப் புகைப்படங்கள் போயின. சாவி இல்லாமல் அந்தத் தரவை யாராலும் திறக்க முடியாது. அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன்: முதல் முறை செட்டப்பை வீட்டில், உங்கள் சொந்தக் கணக்கில் செய்யுங்கள். அந்த 48 இலக்கங்களைக் காகிதத்தில் எழுதி, பில்லோடு சேர்த்து வையுங்கள். டிஸ்க்கில் கைவைப்பதற்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். ஹோம் பதிப்பில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று இருக்கும், அதை அணைக்க வேண்டும்.

இனி 18 ஜிபி விஷயம். ஹைபர்னேஷன் கோப்பு (கணினி உறங்கும்போது நினைவகத்தைச் சேமிப்பது), பேஜ் ஃபைல் (நினைவகம் போதாதபோது பயன்படுவது), ரீஸ்டோர் பாயின்ட் (பழைய நிலைக்குத் திரும்ப வைத்திருப்பது) போன்றவை டிரைவின் நடுவில் அசையாமல் கிடக்கும். அவற்றைத் தாண்டிச் சுருக்க விண்டோஸால் முடியாது. மூன்றையும் அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, பிறகு சுருக்கினால் பெரும்பாலும் வழி கிடைக்கும். வேலை முடிந்ததும் பேஜ் ஃபைலையும் ரீஸ்டோரையும் திரும்ப இயக்குங்கள். ஹைபர்னேஷன் அணைந்தே இருக்கட்டும். அதோடு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் அணைந்துவிடும், அது நமக்கு நல்லதுதான். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஓடினால் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத் தூக்கத்தில் இருக்கும். லினக்ஸில் அந்த டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது.

கேள்வி: லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் தப்பாகக் காட்டுகிறது. மதர்போர்டு பேட்டரி போய்விட்டதா?

பதில்: பேட்டரி மாற்றக் காசு கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரமாகப் படிக்கிறது. இரண்டில் ஒன்றை மற்றதன் வழிக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

கேள்வி: இரண்டு ஓஎஸ் போட்டால் வாரன்டி போய்விடுமா?

பதில்: வாரன்டி அட்டையில் மென்பொருள் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கீபோர்டோ திரையோ பழுதானால், லினக்ஸ் போட்டதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் சர்வீஸ் சென்டரில் டிஸ்க்கை அழித்து, வாங்கியபோது இருந்த நிலைக்குக் கொண்டுவந்துவிடக்கூடும். கொடுக்கும் முன் முழு பேக்கப் எடுங்கள். ஜாப் ஷீட்டில் 'தரவை அழிக்கக் கூடாது' என்று எழுதச் சொல்லி நகல் வாங்கிக்கொள்ளுங்கள். இடத்துக்கு ஆசைப்பட்டு ரெக்கவரி பார்ட்டிஷனை அழித்துவிடாதீர்கள். லேப்டாப்பைப் பழையபடி ஆக்க நீங்களே நினைக்கும் நாளில் அது வேண்டியிருக்கும்.