'ஃபைன்' என்றால் ஓமா, வேண்டாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கோட்டையில் ஒரு கந்தோரில் வேலை, மேலாளர் இங்கிலாந்துக்காரர். "இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றவா என்று கேட்டேன், 'ஐ ஆம் ஃபைன்' என்றார். சுகமாக இருக்கிறாராம் என்று நினைத்து ஊற்றிவிட்டேன், முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. அடுத்த கிழமை லீவு கேட்டு மெயில் போட்டால் 'ஃபைன்' என்று ஒற்றைச் சொல்லில் பதில். கோபமா சேர்?"

தம்பி, லீவு கிடைத்துவிட்டது, முதலில் நிம்மதியாக இருங்கள்.

'ஹவ் ஆர் யூ'வுக்குப் பதில் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததோடு இந்தச் சொல்லை நாங்கள் விட்டுவிட்டோம். இதன் வேர் லத்தீன், 'ஃபினிஸ்' என்றால் முடிவு, எல்லை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கடைசி வரைக்கும் கொண்டுபோய்த் தேறியது, இனி அதில் செய்ய ஒன்றுமில்லை என்பதுதான் அடிக் கருத்து. பொலிஸ்காரர் எழுதித் தருகிற தண்டப்பணத்துக்கும் அதே வேரிலிருந்துதான் அந்தப் பெயர், காசைக் கட்டினால் விஷயம் முடிந்தது. செட்டியார் தெருவில் நகை வாங்கும்போது 916 என்று முத்திரை பார்க்கிறீர்களே, அந்த அளவுக்கு ஆங்கிலத்தில் 'ஃபைன்னெஸ்' என்று பெயர். 22 கரட் என்றால் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம், மிச்சம் செம்பு, வெள்ளி மாதிரிக் கலப்பு. உருக்கி உருக்கி இனி எடுக்க அழுக்கில்லை என்ற நிலைக்கு வந்தால் அது 'ஃபைன் கோல்ட்'.

அப்படியே தேத்தண்ணிக்கு வாருங்கள். அவர் சொன்னது "இருக்கிறது போதும், இனி வேண்டாம்" என்று. மறுப்பதற்கு ஆங்கிலேயர் வைத்திருக்கிற மிக மென்மையான சொல் அது. எங்கள் வீடுகளில் வேண்டாம் என்றவருக்கும் இன்னொரு தரம் ஊற்றுவதுதான் உபசாரம், அதனால் உங்கள் கை தானாகப் போயிருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மெயில் விஷயம் வேறு. 'தட்ஸ் ஃபைன்', 'ஃபைன் வித் மீ' என்றால் தாராளமாகச் சம்மதம். ஒற்றைச் சொல்லாக வந்தால் கொஞ்சம் விறைப்பாகக் கேட்கும், சண்டைக்கு நடுவில் கணவனோ மனைவியோ அப்படிச் சொன்னால் அது "சரி, என்னவாவது செய்" என்பதுதான். ஆனால் வேலை மும்முரத்தில் கைத்தொலைபேசியில் தட்டுகிறவரும் அப்படித்தான் எழுதுவார். அவருடைய மற்ற மெயில்களைத் திறந்து பாருங்கள், எல்லாம் இரண்டு மூன்று சொல் என்றால் அது அவர் பழக்கம்.

நான் மாணவர்களிடம் விடாமல் சொல்லுகிற ஒன்று, இந்தச் சொல் நிற்கிற இடத்தைப் பாருங்கள் என்பது. பெயருக்கு முன்னால் நின்றால் பெரும்பாலும் பாராட்டு: 'அ ஃபைன் டீச்சர்' என்றால் அருமையான ஆசிரியர். பின்னால் போனால் விலை இறங்கிவிடும். விருந்துக்குப் போய் 'த ஃபூட் வாஸ் ஃபைன்' என்று எழுதினால், சமைத்தவருக்கு அது "பரவாயில்லை, சாப்பிடலாம்" என்றுதான் போய்ச் சேரும். நீங்கள் மனமாரப் பாராட்டியிருப்பீர்கள், அங்கே மனம் நொந்திருக்கும். உடல்நலம் சொல்லும்போது 'வெரி ஃபைன்' என்றும் சொல்லாதீர்கள், காதுக்கு ஒட்டாது. மாவை, மணலைச் சொல்லும்போது அதே 'வெரி ஃபைன்' சரி, பட்டுப்போல அரைத்தது என்று பொருள்.

அந்த நுண்மைப் பொருளில்தான் கடையில் பலர் ஏமாறுகிறார்கள். ஷாம்பூ போத்தலில் 'ஃபைன் ஹெயர்' என்று போட்டிருந்தால் அது மெல்லிய முடிக்கானது, அழகான முடிக்கு அல்ல. லீசிங் பத்திரத்தில் 'ஃபைன் பிரிண்ட்' என்பது அடியில் இருக்கிற பொடி எழுத்து, வட்டியும் தாமதக் கட்டணமும் அங்கேதான் ஒளிந்திருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு வாசியுங்கள். தமிழிலேயே இந்த இரட்டைப் பொருள் தடம் பதித்திருக்கிறது, 'ஃபைன் ஆர்ட்ஸ்' என்பதை நுண்கலை என்றும் சொல்கிறோம், கவின்கலை என்றும் சொல்கிறோம். ஒன்று நுட்பத்தைப் பிடித்தது, மற்றது அழகை.

இனி அவர் 'ஐ ஆம் ஃபைன்' என்றால் கேத்தலைக் கீழே வைத்துவிட்டு, 'ஓகே' என்று சிரியுங்கள். அவருக்கு வேண்டுமென்றால் 'யெஸ், ப்ளீஸ்' என்பார்.