ஜூன்டீன்த் விழாவைப் பார்க்க ஹூஸ்டனில் எங்கே போவது? தமிழர்களும் கலந்துகொள்ளலாமா?

தாராளமாகக் கலந்துகொள்ளலாம். எங்கே போவது என்று கேட்டால் நான் எல்லோருக்கும் சொல்வது ஓர் இடத்தைத்தான்: தேர்டு வார்டு பகுதியில் இருக்கும் எமன்சிபேஷன் (விடுதலை) பூங்கா. ஜூன்டீன்த் என்று அழைக்கப்படும் ஜூன் 19 அமெரிக்கா முழுவதற்கும் அரசு விடுமுறை ஆன பிறகு அலுவலகங்களிலும் கடைத்தெருக்களிலும்கூட நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அவற்றுக்கும் போங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அடிமைமுறை ஒழிந்ததை இந்த ஊர் எப்படிக் கொண்டாடுகிறது, ஏன் இவ்வளவு உரிமையோடு கொண்டாடுகிறது என்று புரிய வேண்டுமானால், அந்தப் பத்து ஏக்கர் மண்ணில் கொஞ்ச நேரமாவது நிற்க வேண்டும்.

புதிதாக வந்தவர்களுக்கு வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, தென்மாநில அடிமைகள் விடுதலை பெற்றவர்கள் என்று அறிவித்த அதிபர் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது 1863 ஜனவரி 1 அன்று. ஹூஸ்டன் இருக்கும் டெக்சஸ் மாநிலத்தில் அதை நிறைவேற்ற ஆள் இல்லை. வடக்குப் படைகள் எட்டாத தூரத்தில் இருந்ததால், மற்றத் தென்மாநில முதலாளிகள் தங்கள் அடிமைகளை டெக்சஸுக்கு ஓட்டிவந்து பதுக்கிவைத்த காலம் அது. 1865 ஏப்ரலில் தென்மாநிலப் படைத் தளபதி ஜெனரல் லீ சரணடைந்த பிறகும் இங்கே பருத்தி வயல்களில் எதுவும் மாறவில்லை. ஜூன் 19 அன்று கால்வெஸ்டன் துறைமுகத்தில் வடக்குப் படையின் ஜெனரல் கார்டன் கிரேஞ்சரின் மூன்றாம் எண் ஆணை வெளியானபோதுதான் டெக்சஸின் சுமார் இரண்டரை லட்சம் அடிமைகளுக்கு அந்த விடுதலை சட்டபலத்தோடு வந்து சேர்ந்தது. ‘செய்தி தாமதமாகப் போய்ச் சேர்ந்தது’ என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தாமதித்தது செய்தி மட்டுமல்ல. அதை மதிக்க மறுத்தவர்களை மதிக்கவைக்க ஒரு படை வந்து இறங்கவேண்டியிருந்தது.

அந்த ஆணையை ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள். மிகச் சிறியதுதான். எல்லா அடிமைகளும் விடுதலை பெற்றவர்கள் என்று தொடங்குகிறது. பழைய எஜமானருக்கும் அடிமைக்கும் இடையே உரிமைகளிலும் சொத்துரிமையிலும் முழுச் சமத்துவம் என்கிறது. இனி அவர்கள் முதலாளியும் கூலியாளும் என்கிறது. அடுத்த வரியிலேயே, இப்போது இருக்கும் இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுங்கள், சும்மா இருந்தால் யாரும் சோறு போடமாட்டார்கள் என்று எச்சரிக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கூலியில்லாமல் உழைத்த மக்களைப் பார்த்து இந்த எச்சரிக்கை! ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

அந்த மக்கள் இருந்த இடத்திலேயே அமைதியாக இருந்துவிடவில்லை. பலர் தோட்டங்களை விட்டு நகரத்துக்கு நடந்தார்கள். ஹூஸ்டனின் ஃபோர்த் வார்டில் ஃப்ரீட்மென்ஸ் டவுன் என்ற குடியிருப்பே உருவானது. மறு ஆண்டு, 1866இலேயே, டெக்சஸில் ஜூன் 19 விழா தொடங்கிவிட்டது. ஆனால் ஆயிரக்கணக்கானோர் கூடிச் சமைத்து, ஜெபித்து, ஆடிப்பாடச் சொந்தமாக ஓர் இடம் வேண்டுமே. அதற்கு அவர்கள் செய்ததுதான் எனக்கு இந்த விழாவிலேயே மிகப் பெரிய விஷயம்.

ஜாக் யேட்ஸ் என்ற போதகரின் தலைமையில் ரிச்சர்ட் ஆலன், ரிச்சர்ட் பிராக், இலையஸ் டிபில் ஆகியோர் முன்னின்று, இரண்டு தேவாலயச் சபைகளின் மக்களிடம் பணம் திரட்டினார்கள். 1872இல் ஆயிரம் டாலர் கொடுத்துப் பத்து ஏக்கர் நிலத்தை வாங்கினார்கள். எமன்சிபேஷன் பூங்கா என்று பெயர் வைத்தார்கள். யேட்ஸும் அடிமையாகப் பிறந்தவர்தான். பகலில் வண்டியோட்டிப் பிழைத்துக்கொண்டு ஊழியம் செய்தவர். ஏழு ஆண்டுகளுக்கு முன்புவரை தாங்களே விலைபேசப்பட்ட மக்கள், கூலிக்காசைச் சேர்த்து நிலத்தை விலைபேசி வாங்கியிருக்கிறார்கள். அதுவும் வீடு கட்டவோ பயிரிடவோ அல்ல, ஆண்டுக்கு ஒருநாள் கூடிக் கொண்டாட! பராமரிக்கப் பணம் போதாமல் தொடக்கத்தில் அந்த இடம் ஜூன்டீன்த் நாளுக்கு மட்டுமே பயன்பட்டது. பிறகு நிலத்தை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். 1922 முதல் 1940 வரை, இனப் பிரிவினைச் சட்டங்களின் காலத்தில், ஹூஸ்டனில் கறுப்பின மக்கள் நுழையக்கூடிய ஒரே பொதுப் பூங்கா அதுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விடுதலையின் பெயர் தாங்கிய இந்தப் பூங்காவை ஒட்டிய சாலைக்கு, நூறு ஆண்டுக்கும் மேலாக, அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையின் அதிகாரி டிக் டவுலிங்கின் பெயர் இருந்தது. பிள்ளைகள் அந்தப் பெயர்ப் பலகையைத் தாண்டித்தான் விளையாடப் போனார்கள். 2017இல் அது எமன்சிபேஷன் அவென்யூ என்று மாற்றப்பட்டது. நடுவில் நெடுஞ்சாலைகளால் தேர்டு வார்டு துண்டாடப்பட்டு, பூங்காவும் பொலிவிழந்து கிடந்தது. மூன்று கோடி டாலருக்கு மேல் செலவிட்டுப் புதுப்பித்து, அதே 2017 ஜூனில் மீண்டும் திறந்தார்கள். வடிவமைத்தவர் ஃபில் ஃப்ரீலன். வாஷிங்டனில் இருக்கும் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தை வடிவமைத்த குழுவில் முதன்மையானவர்.

விழா நாள் எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். காலையிலேயே கூடாரம் அடித்து, மடக்கு நாற்காலி போட்டு, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்துவிடுவார்கள். பாட்டியிலிருந்து கைக்குழந்தை வரை ஒரே அச்சில் சட்டை அணிந்த குடும்பங்களைப் பார்க்கலாம். மாட்டிறைச்சியையும் கொத்துக்கறி அடைத்த சாசேஜ்களையும் புகையில் வாட்டும் மணம் தெருமுனையிலேயே வந்துவிடும். மேடையில் தேவாலயப் பாடகர்கள், பிறகு ப்ளூஸ் இசை, பிறகு இளைஞர்களின் பாட்டு. மரத்தடியில் தாத்தாக்கள் டாமினோ கட்டைகளை மேசை அதிர அடித்து ஆடுவார்கள். வரிசையாக நின்று ஆடும் ஆட்டத்தில் உங்களையும் கையைப் பிடித்து இழுத்துவிடுவார்கள், கூச்சப்படாமல் போங்கள்.

உணவில் சிவப்பு நிறம் தூக்கலாக இருக்கும்: தர்பூசணி, சிவப்புச் சோடா, செம்பருத்திப் பானம், சிவப்பு கேக். என்னை முதன்முதலில் அழைத்துப்போன பக்கத்து வீட்டு அம்மையார், சிவப்பு அவர்கள் முன்னோர் சிந்திய இரத்தத்துக்காக என்றார். மேற்கு ஆப்பிரிக்காவின் கோலாக் கொட்டை, செம்பருத்திப் பானங்களிலிருந்து வந்த வழக்கம் என்று உணவு வரலாறு எழுதுபவர்கள் சொல்கிறார்கள். இரண்டும் அந்தக் கோப்பையில் இருப்பதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த விழாவை நாடு அங்கீகரிக்கப் பட்ட பாடும் பெரிது. 1979இல் ஹூஸ்டன் சட்டமன்ற உறுப்பினர் அல் எட்வர்ட்ஸ் கொண்டுவந்த மசோதாவால், ஜூன்டீன்த்தை விடுமுறையாக ஏற்ற முதல் மாநிலமானது டெக்சஸ். ஃபோர்ட் வொர்த் நகரின் ஓபல் லீ, 12 வயதுச் சிறுமியாக இருந்தபோது, 1939 ஜூன் 19 அன்றே ஒரு வெள்ளையர் கும்பல் அவர் குடும்பத்தின் வீட்டைச் சூறையாடித் தீவைத்தது. அவர்தான் 89 வயதில், தேசிய விடுமுறை கேட்டு வாஷிங்டனை நோக்கி நடைப்பயணம் தொடங்கினார். அடிமைகள் காத்திருந்த இரண்டரை ஆண்டுகளின் நினைவாக ஊர் ஊராக இரண்டரை மைல் நடந்தார். தேர்டு வார்டில் வளர்ந்த கறுப்பினத்தவர் ஜார்ஜ் ஃப்ளாய்ட் 2020இல் ஒரு போலீஸ்காரரால் கொல்லப்பட்டபின் நாடே கொந்தளித்தது. 2021 ஜூன் 17 அன்று அதிபர் பைடன் தேசிய விடுமுறைக்கான சட்டத்தில் கையெழுத்திட்டபோது ஓபல் லீ அருகில் நின்றார்.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சில தமிழ் நண்பர்கள் கேட்பதுண்டு. மொரீஷியஸில் 1835 பிப்ரவரி 1 அன்று அடிமைமுறை ஒழிந்தது. அந்தக் காலத்திலேயே கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களில் நம் ஆட்கள் ஏராளம். அடிமைகள் விட்டுப்போன வேலைக்கே நாம் போனோம். அதனால் ‘இருந்த இடத்திலேயே இருந்து கூலிக்கு வேலை செய்’ என்ற அந்த வரி எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

போகிறவர்கள் சிலவற்றைக் கவனத்தில் வைத்துக்கொண்டால் நல்லது. ‘ஹேப்பி ஜூன்டீன்த்’ என்று வாழ்த்துங்கள், மகிழ்ச்சியோடு திரும்ப வாழ்த்துவார்கள். குடும்பங்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். உணவை அங்கே கடை போட்டிருக்கும் உள்ளூர்க்காரர்களிடம் வாங்குங்கள். உங்கள் சாதி அனுபவங்களையோ குடியேறிய கதையையோ ஒப்பிட்டுப் பேசும் ஆவல் வரும்; அன்று அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். ஜூன் மாத ஹூஸ்டன் வெயிலும் புழுக்கமும் சென்னையை நினைவூட்டும் என்பதால் குழந்தைகளுக்குத் தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

இன்னொரு நாள் கிடைத்தால், காரில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் கால்வெஸ்டனுக்குப் போய் வாருங்கள். கிரேஞ்சரின் தலைமையகம் இருந்த ஸ்ட்ராண்ட், 22ஆம் தெரு முனையில், ஆணையில் வரும் ‘முழுச் சமத்துவம்’ என்ற தொடரையே தலைப்பாகக் கொண்ட பெரிய சுவரோவியம் 2021இல் வரையப்பட்டிருக்கிறது. அங்கிருந்து ரீடி சேப்பல் தேவாலயமும் பக்கம்தான். விடுதலை பெற்றவர்கள் கூடிய அந்தச் சபை இன்றும் வழிபாட்டில் இருக்கிறது.