கன்னு வீசுற மாடு, நிக்காத சினை: கேட்டவங்களுக்கு பதில்

இந்த வாட்டி வந்த கேள்வியில பாதிக்கு மேல கன்னு வீச்சு, அதாவது மாசம் முடியறதுக்கு முன்னாடியே சினை கலையுறது பத்திதான், அதனால மத்தத ஓரமா வச்சுட்டு இதையும், கடைசியா சினை நிக்காத கேள்வி ஒண்ணையும் மட்டும் எடுத்துக்கிறேன்.

ஜெர்சி கிராஸ் மாடு, ஏழாம் மாசம் கன்னு வீசிருச்சு, ஒரு நாளாச்சு நஞ்சும் (நஞ்சுக்கொடி) விழல. சூடுன்னு சொல்றாங்களே சார்?

சூட்டு மேல பழிய போட்டுட்டு சும்மா இருந்துறாதீங்க. சினையோட கடைசி மூணு நாலு மாசத்துல வீசி, நஞ்சும் தங்கிருச்சுன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது புருசெல்லா கிருமியத்தான். உடனே ரத்தம் எடுத்து டெஸ்ட்டுக்கு குடுங்க, வீசுன கன்னு, நஞ்சு எதையும் வெறுங்கையால தொடாதீங்க. நான் வேலைக்கு சேர்ந்த புதுசுல கிளவுஸ் இல்லாம தோள் வரைக்கும் கைய விட்டு நஞ்சு எடுத்தவன், அப்புறம் சாயங்காலமானா காய்ச்சல், ராத்திரி பனியன புழிஞ்சு போடுற அளவுக்கு வேர்வை, இடுப்பு வலி, டைபாய்டுன்னு நெனச்சு ரெண்டு மாசம் மாத்திரை சாப்பிட்டு கடைசியிலதான் இதே புருசெல்லான்னு தெரிஞ்சு ஆறு வாரம் மருந்து எடுத்தேன். நஞ்ச வைக்கோல்ல சுத்தி ஆலமரத்துல கட்டுற பழக்கம் நம்ம ஊர்ல உண்டு, கன்னு வீசுன மாட்டுக்கு மட்டும் தயவு செஞ்சு அது வேணாம். நாய் தோண்ட முடியாத ஆழத்துல குழி வெட்டி சுண்ணாம்பு போட்டு மூடுங்க.

அதே மாடு அடுத்த ஈத்துல நல்லா கன்னு போட்டுருச்சு. நோய் போயிருச்சா?

இல்லைங்க. பெரும்பாலும் ஒரு தடவைதான் வீசும், அதுக்கப்புறம் ஒழுங்கா ஈனும், ஆனா கிருமி மடியில தங்கிக்கிட்டு பால்லயும் ஈனுற நேரம் வர்ற அழுக்குலயும் வெளிய வந்துக்கிட்டே இருக்கும், மாட்டுக்கு இத முழுசா தீக்குற மருந்து கிடையாது. பால பொங்க காய்ச்சாம யாரும் குடிக்கக் கூடாது, சீம்பாலும் அப்படித்தான். விஷயத்த மறைச்சு சந்தையில தள்ளிவிடுறது பெரிய பாவம், வாங்குறவன் பட்டியே போயிரும்.

எந்த மாதிரி பண்ணையில இது அதிகமா இருக்கும்?

வீட்டுல ரெண்டு உருப்படி வச்சு அதோட கன்னையே வளக்குறவங்ககிட்ட கம்மி. சந்தை சந்தையா மாடு வாங்கி சேக்குற பெரிய பண்ணைலதான் அதிகம். புது மாட்ட தனியா கட்டி, டெஸ்ட் பாத்துட்டு மந்தையில சேத்துக்கங்க. பண்ணை மொத்தத்துக்கும் பால் வளைய டெஸ்ட் இருக்கு, கேன் பால்லயே பாத்துறலாம்.

தடுப்பூசி எப்போ?

கிடேரிக்கு மட்டும், நாலுல இருந்து எட்டு மாசத்துக்குள்ள, ஆயுசுக்கு ஒரு தடவை. 2019 செப்டம்பர்ல தொடங்குன தேசிய திட்டத்துல இலவசமாவே போடுறாங்க. காளங்கன்னுக்கும் சினை மாட்டுக்கும் போடக் கூடாது, உயிருள்ள கிருமி அது.

மூணு தடவை சினை ஊசி போட்டும் சினை நிக்கல, பருவத்துல வர்ற வழும்பு கலங்கலா வருது.

அது கர்ப்பப்பை புண்ணா இருக்கலாம், ஈனும்போது அழுக்கு கைய விட்டு இழுத்தா இப்படித்தான் ஆகும். வழும்பு கண்ணாடி மாதிரி தெளியுற வரைக்கும் சினை ஊசி போடாம வைத்தியம் பாருங்க. ஊர்க்காளைக்கு விட்டிருந்தீங்கன்னா அதையும் டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க, காளை வழியா பரவுற கிருமியும் இருக்கு.