பப்பாசியில் வெள்ளைப் பூச்சி: குளவியை எங்கே வாங்குவது?

கேள்வி: நிலாவெளியில் வீட்டுக் காணியில் பப்பாசி வைத்திருக்கிறேன். காயிலும் இலையிலும் வெண்பஞ்சு போல ஒரு பூச்சி அப்பிக் கிடக்கிறது. கடையில் தந்த மருந்தை அடித்தால் குறைகிறது, பிறகு முன்னையிலும் கூடுதலாக வருகிறது. இதைக் கொல்லும் குளவி இருக்கிறதாமே, எங்கே வாங்கலாம்?

பதில்: பெரும்பாலும் வாங்கத் தேவை இராது. நீங்கள் சொல்வது பப்பாசி மாவுப்பூச்சி என்றால், அது மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது. இலங்கையில் 2008இல் தென்பட்டது. மறு ஆண்டே அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவியைப் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து இங்கே விட்டார்கள். ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத குளவி, ஆட்களைக் கொட்டாது. மாவுப்பூச்சிக் குஞ்சுக்குள் முட்டையிடும். புழு உள்ளேயிருந்தே அதைத் தின்று தீர்க்கும்.

எல்லா மாவுப்பூச்சியையும் இது தொடாது. அதனால் முதலில் நான்கைந்து பூச்சியை ஸ்பிரிட்டில் போட்டு வையுங்கள். பப்பாசி மாவுப்பூச்சி நீலம் கலந்த கறுப்பாக மாறும். அப்புறம் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். உப்பிக் காய்ந்த கூடுகளும் அவற்றில் வட்டத் துளையும் இருந்தால் குளவி ஏற்கெனவே வந்துவிட்டது. அந்த இலையைப் போத்தலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, இரண்டு மூன்று வாரம் நிழலில் வைத்தால் மிச்சமுள்ளவை வெளிவரும். குளவியை மட்டும் மரத்தடியில் பறக்க விடுங்கள், இலையை எரித்துவிடுங்கள்.

மருந்தை உடனே நிறுத்துங்கள். மெழுகுப் பூச்சும் பஞ்சுப் பையும் பூச்சியையும் முட்டையையும் காப்பாற்றிவிடும், குளவிதான் சாகும். நீங்கள் கண்ட ‘கூடுதல்’ பெரும்பாலும் அதனால்தான்.

அடுத்தது எறும்பு. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு காவலிருந்து குளவியைத் துரத்தும். தண்டில் துணிப் பட்டி சுற்றி அதன்மேல் கிறீஸ் பூசுங்கள் (பட்டையில் நேரே பூச வேண்டாம்). பக்கத்து மரக்கிளையோ வேலியோ முட்டினால் அந்த வழியாக ஏறிவிடும், வெட்டிவிடுங்கள்.

கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் பூச்சி பெருகும். அப்போது மோசமான காய்களை வெட்டிப் புதையுங்கள், மற்றதைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். வேலியில் செவ்வரத்தை நின்றால் அதையும் பாருங்கள். இந்தப் பூச்சிக்கு அதுவும் பிடித்தமானது. பஞ்சுக்குள் மாவு பூசிய தடித்த புழு ஊர்ந்தால் நசுக்காதீர்கள். ஸ்பால்கிஸ் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம். அது இலையைத் தின்னாது, மாவுப்பூச்சியைத்தான் தின்னும்.

போத்தலில் ஒன்றும் வெளிவராவிட்டால், புதிதாகப் பூச்சி பிடித்த இலையொன்றை மூடிய போத்தலில் போட்டு உங்கள் கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.