பழைய பைக்கில் ஆயில் குறைகிறது, காலையில் நீலப் புகை வருகிறது. போர் வேலை செய்யத்தான் வேண்டுமா?

கேட்டவருடைய வண்டி 18 வருடப் பழசு. 150 சிசி, ஒற்றை சிலிண்டர், ஏர் கூல்டு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறதாம். மெக்கானிக் போர் வேலை, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன், ரிங் போடும் வேலை, என்று சொல்லிவிட்டார்.

எனக்கு ரிங்கை (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம்) விட வால்வ் சீல் (வால்வ் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) மேல்தான் சந்தேகம். புகையைப் பொறுத்தவரை அது எந்த நேரத்தில் வருகிறது என்பதுதான் துப்பு. ராத்திரி முழுக்க வண்டி நிற்கும்போது, ஹெட்டில் (சிலிண்டரின் மேல்பகுதி) தங்கிய ஆயில் விறைத்துப்போன சீல் வழியாக வால்வ் தண்டில் சொட்டுச் சொட்டாக இறங்கும். காலையில் அது எரிந்து ஒரு மேகமாகக் கிளம்பும், அப்புறம் புகை தெளிந்துவிடும். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டு உருட்டி வந்து, கீழே வந்து முறுக்கியதும் குப்பென்று புகை கக்கினாலும் பெரும்பாலும் அதே இடம்தான். த்ராட்டில் மூடியிருக்கும்போது உண்டாகும் உறிஞ்சல் ஆயிலை உள்ளே இழுத்துவிடுகிறது. வண்டி நன்றாகச் சூடான பிறகும், மேட்டில் திணறி ஏறும்போது விடாமல் புகைந்தால்தான் ரிங், போர் என்ற பேச்சே. கறுப்புப் புகை பெட்ரோல் அதிகமாக எரிவது, அதற்கும் ஆயிலுக்கும் சம்பந்தமில்லை.

சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் ஒன்று கிடைத்தால் யூகம் பெருமளவு குறையும். எஞ்சின் சூடாக இருக்கும்போது சாவியை ஆஃப் செய்து, ப்ளக்கைக் கழற்றி கேஜை மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்தபடி முள் ஏறுவது நிற்கும்வரை உதையுங்கள். பிறகு ப்ளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி உதையுங்கள். முதல் அளவு குறைவாக இருந்து, ஆயில் விட்டதும் எகிறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஆயில் விட்டும் அசையவில்லை என்றால் பெரும்பாலும் வால்வ் சரியாக உட்காரவில்லை. முதல் அளவே நன்றாக இருந்தால், சீல் மேல் சந்தேகம் இன்னும் வலுக்கும். சீல் கசிவதால் கம்ப்ரஷன் குறையாது.

இதற்கெல்லாம் முன்னால், ஆயில் எரிகிறதா, ஒழுகுகிறதா என்று பார்த்தீர்களா? எஞ்சினைக் கழுவிக் காயவைத்து, சந்தேகமான இடங்களில் முகப் பவுடரைத் தூவி ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். ஈரம் எங்கே ஆரம்பிக்கிறதோ அதுதான் இடம். முன் ஸ்ப்ராக்கெட் (செயினைச் சுழற்றும் பல்சக்கரம்) மூடிக்குள் கசியும் சீலை, செயினுக்குப் போட்ட எண்ணெய் என்று நினைத்து விட்டுவிடுகிறோம்.

ஆயில் குறைவதை விட எனக்குப் பயம், அது ஏறுவதில்தான். என் பழைய வண்டியில் மாதக்கணக்கில் மட்டம் இறங்கவே இல்லை. எஞ்சின் அவ்வளவு கச்சிதம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் டிப்ஸ்டிக்கை (ஆயில் மட்டம் காட்டும் குச்சி) எடுத்தால் மேல் கோட்டையும் தாண்டி நின்றது. விரலில் தேய்த்தால் வழுவழுப்பே இல்லை, தண்ணீர் மாதிரி ஓடியது. முகர்ந்தால் பெட்ரோல்! கார்புரேட்டரின் ஃப்ளோட் நீடில் (பெட்ரோல் நிரம்பியதும் வழியை அடைக்கும் ஊசி) சரியாக மூடவில்லை, நானும் பெட்ரோல் டேப்பை மூடாமல் வண்டியை நிறுத்திவந்திருக்கிறேன். பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கி, ரிங் இடுக்கு வழியாக ஆயிலில் கலந்துவிட்டது. குறைந்த ஆயிலை அது ஈடுகட்டிக்கொண்டே வந்ததால் மட்டம் இறங்காத மாதிரி தெரிந்திருக்கிறது. உங்கள் வண்டியில் இப்படித் தெரிந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். நீடிலை மாற்றி, ஆயிலைக் கொட்டிப் புதிதாக ஊற்றிய பிறகுதான் உதைக்க வேண்டும்.

ஆயிலைக் கொட்டும்போது கறுப்பாக இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள், அழுக்கைச் சுமப்பது அதன் வேலை. ஆயிலைக் கொட்டக் கழற்றும் போல்ட்டில் காந்தம் இருந்தால், அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டுவதும் சகஜம். நகத்தில் நெருடும் செதில்கள் வந்தால் கவனிக்க வேண்டும். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது, அதனால் டார்ச் அடித்து மினுமினுப்பு தெரிகிறதா என்றும் பாருங்கள். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் பால் கலந்த மாதிரி படிந்திருந்தால், உங்களுடையதைப் போன்ற ஏர் கூல்டு வண்டியில் அது பெரும்பாலும் குறைந்த தூரமே ஓட்டுவதால் சேரும் ஈரம்தான். நீண்ட தூரம் ஓட்டினால் போய்விடும்.

டாப்அப் செய்கிறேன் என்று கார் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். உங்களுடையது போன்ற வண்டியில் க்ளட்ச் அதே ஆயிலில்தான் நனைகிறது. டப்பாவில் ஜாஸோ (ஜப்பானியத் தரக் குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் க்ளட்ச் வழுக்க ஆரம்பிக்கலாம்.

வால்வ் சீல்தான் என்றால், பல வண்டிகளில் ஹெட்டை இறக்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் போரைத் தொட வேண்டியதில்லை. இப்போதைக்கு மேல் கோடு வரை நிரப்பி ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, திரும்ப நிரப்ப எத்தனை மில்லி போனது என்று அளந்து பாருங்கள். இந்த அளவு எஞ்சினில் மொத்த ஆயிலே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான், 300 மில்லி காணாமல் போனால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. நடுவில் வாரம் ஒருமுறையாவது டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அந்தக் கணக்கையும், ஆயில் விடுவதற்கு முன்னும் பின்னும் கேஜ் காட்டிய அளவுகளையும் இங்கே போடுங்கள், போர் வேலை தேவையா என்று அப்போது சொல்கிறேன்.