இரண்டு முறை விம்பிள்டன் வென்ற ஆல்தியா கிப்சன் கடைசிக் காலத்தில் வறுமையில் வாடியது ஏன்?

இன்றைய பரிசுத்தொகையை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அமெரிக்கக் கறுப்பின டென்னிஸ் வீராங்கனை ஆல்தியா 1957, 1958 இரண்டு வருடமும் விம்பிள்டனையும் அமெரிக்கப் பட்டத்தையும் வென்றார். அப்போது அது அமெச்சூர் ஆட்டம், பரிசுப் பணமே கிடையாது. எலிசபெத் ராணி கையால் கோப்பை, நியூயார்க்கில் ஊர்வலம், அவ்வளவுதான். விம்பிள்டனில் பணம் கொடுக்க ஆரம்பித்தது 1968-ல். அதற்குப் பத்து வருடம் முன்பே அவர் அமெச்சூர் ஆட்டத்திலிருந்து விலகிவிட்டார்.

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா போக முடியவில்லை. என் அப்பா ஒரு டென்னிஸ் கிளப்பில் மார்க்கர். உறுப்பினர்களுக்கு ஆடிக்கொடுப்பது, மண் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்து ரோலர் இழுப்பது, கோடு போடுவது எல்லாம் அவர் வேலை. யாரும் வராத மத்தியான வெயிலில் எனக்கு ஆடச் சொல்லிக் கொடுத்தார். அதே கிளப்பில் ஜூனியர் போட்டி நடந்தபோது பெயர் கொடுக்கப் போனோம். உறுப்பினர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். தினமும் அப்பாவோடு ஆடியவர்கள்கூட "பார்க்கலாம்ப்பா" என்று சொல்லி நகர்ந்துவிட்டார்கள். கடைசியில் வயதான டாக்டரம்மா ஒருவர் போட்டார். அரையிறுதி வரை போனேன்.

அமெரிக்க நிறவெறியும் இதுவும் ஒன்றா என்று சிலர் சண்டைக்கு வருவீர்கள். ஒன்று என்று நான் சொல்லவே இல்லை. கிப்சன் பட்டதில் நூறில் ஒரு பங்குகூட நான் படவில்லை. ஆனால் கதவை அடைக்கும் விதம் எனக்குப் பழக்கமானது. கறுப்பினத்தவர் ஆடக் கூடாது என்று அங்கே விதி எதுவும் எழுதி வைக்கவில்லை. அமெரிக்கப் பட்டப் போட்டி நடந்த ஃபாரஸ்ட் ஹில்ஸில் ஆட முதலில் வேறு போட்டிகளில் ஆடிக் காட்ட வேண்டும், அந்தப் போட்டிகளோ வெள்ளையர் கிளப்களில் நடந்தன. முன்னாள் சாம்பியன் ஆலிஸ் மார்பிள் 1950-ல் ஒரு டென்னிஸ் பத்திரிகையில் இதைக் கண்டித்து எழுதினார். அந்த வருடமே கிப்சன் அங்கே ஆடினார்.

சரி, பட்டங்களுக்கு அப்புறம்? பாட்டுப் பாடினார், கூடைப்பந்துக் குழுவோடு ஊர் ஊராகப் போய் டென்னிஸ் காட்சி ஆட்டம் ஆடினார், 1964-ல் தொழில்முறை கோல்ஃபுக்குப் போனார். எதிலும் பெரிதாகப் பணம் வரவில்லை. 1990-களில் வாடகைக்கும் மருந்துக்கும் வழியில்லாமல் தவித்தபோது, 1956-ல் அவரோடு சேர்ந்து விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்ற ஏஞ்சலா பக்ஸ்டன்தான் டென்னிஸ் உலகத்திடம் பணம் திரட்டிக் கொடுத்தார்.

கோல்ஃப் ஆடிய காலத்தில் சில கிளப்கள் உடை மாற்றும் அறைக்குள் விடாததால் அவர் காருக்குள்ளேயே உடை மாற்றியிருக்கிறார். அதைப் படித்தபோது என் மாணவிகள் நினைவுக்கு வந்தார்கள். இப்போது பள்ளிப் பெண்களுக்குப் பயிற்சி தருகிறேன். போகும் போட்டிகளில் பாதி இடங்களில் பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறைகூட இல்லை. மாதவிடாய் நாட்களில் ஆட வரும் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் ஆடுகிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். போட்டி நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால், நடுவர் மேடைக்குப் பெயின்ட் அடிக்கும் முன் இதைச் சரிசெய்யுங்கள்.