மழையில் நின்றுபோன நாடகம்: டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு திறந்தவெளி மைதானத்தில் நடந்த நாடகத்துக்கு, நவம்பர் மாதச் சனிக்கிழமை ஒன்றில் குடும்பத்தோடு போனோம். நாலு டிக்கெட், தலா 1,500 ரூபாய். பெங்களூருவில் இருக்கும் மகன்தான் ஆன்லைனில் புக் செய்து கொடுத்தான். இரண்டு மணி நேர நாடகம். ஏழு மணிக்கு ஆரம்பித்தது, ஏழே முக்காலுக்கு மழை கொட்ட ஆரம்பித்துவிட்டது. ஒதுங்க இடமில்லை. எட்டேகாலுக்கு ‘நிகழ்ச்சி ரத்து’ என்று மைக்கில் சொன்னதோடு சரி. வீட்டுக்கு வர டாக்சிக்கு மட்டும் 1,100 ரூபாய். பணத்தைக் கேட்டால், ‘மழை எங்கள் கையில் இல்லை; எந்தக் காரணத்துக்காகவும் டிக்கெட் பணம் திருப்பித் தரப்படாது என்று விதிமுறையிலேயே இருக்கிறது’ என்று நாடகத்தை நடத்திய மும்பை நிறுவனத்திடமிருந்து மெயில் வருகிறது. வழக்குப் போட்டால் ஒரு லட்சம் நஷ்டஈடு கிடைக்குமா? (வாசகர், வேளச்சேரி)

பதில்: ஒரு லட்சத்தை மறந்துவிடுங்கள். டிக்கெட் பணம் 6,000 ரூபாய்க்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

மழை அவர்கள் கையில் இல்லை என்பது உண்மைதான். நாடகத்தை நிறுத்தியதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. கொட்டும் மழையில் மின்சார ஒயர்களுக்கு நடுவே நடிகர்களை நிற்க வைத்திருந்தால்தான் தப்பு. ஆனால், நடத்தாத நாடகத்தின் காசை வைத்துக்கொள்ள மழை அவர்களுக்கு உரிமை கொடுத்துவிடாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் பிரிவு 56, நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாததாகிவிடும் என்கிறது. அப்படிச் செல்லாமல் போனால், வாங்கியதைத் திருப்பிக் கொடு என்கிறது பிரிவு 65.

அந்தப் பிரிவுக்குச் சட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கச்சேரியில் பாட ஒருவர் 1,000 ரூபாய் முன்பணம் வாங்குகிறார். உடம்பு முடியாமல் பாட முடியவில்லை. கச்சேரி நடந்திருந்தால் வந்திருக்கக்கூடிய லாபத்துக்கு அவர் ஈடு தர வேண்டியதில்லை, ஆனால் அந்த 1,000 ரூபாயைத் திருப்பித் தந்தாக வேண்டும். பாடகரின் உடம்புக்குப் பதில் மழை என்று வைத்துப் படித்தால் உங்கள் கதைதான். டாக்சி காசு கிடைப்பது ஏன் சந்தேகம் என்பதும் இதிலேயே புரியும். முக்கால் மணி நேரம் பார்த்தீர்களே என்று அவர்கள் ஒரு பங்கைக் கழிக்கச் சொல்லலாம். நுகர்வோர் ஆணையம் அதை ஏற்றாலும் பெரும்பகுதி உங்களுக்கு வர வேண்டும்.

அடுத்தது அந்த ‘எந்தக் காரணத்துக்காகவும்’. பணம் கட்டும் முன்பே இந்த வரி மகன் கண்ணில் பட்டதா, அல்லது பிறகு வந்த டிக்கெட்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததா என்று கேளுங்கள். ‘மழையால் நின்றாலும் பணம் கிடையாது’ என்று முன்கூட்டியே பளிச்சென்று சொல்லியிருந்தால் உங்கள் பக்கம் கொஞ்சம் பலவீனம்தான். பொதுப்படையான வரி என்றால், நீங்கள் வராமல் போனதற்குத்தான் அது பொருந்தும், அவர்கள் நடத்தாமல் போனதற்கு அல்ல என்று வாதாடலாம். ஆனால் மனுவில் ‘இது நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற கோரிக்கையை வைக்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அந்தப் புகார் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டியது. 6,000 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் வேண்டாம். சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்று மாவட்ட ஆணையத்தில் கேட்டால் போதும்.

சேவைக் குறைபாட்டுக்கு உங்களிடம் இருக்கும் நல்ல சாட்சி, நீங்கள் அனுப்பிய வீடியோ. மணி 6.50, இன்னும் ஒரு தூறல் கூட விழவில்லை. மேடையின் இரு பக்கமும் ஸ்பீக்கர்களுக்கு நீலத் தார்ப்பாய் போர்த்திக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். சவுண்ட் மிக்சர் மேசை மேல் தனியாக ஒரு பிளாஸ்டிக் கூரை. ஜனங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிகளுக்கு மேலே வெறும் வானம். ஸ்பீக்கர் நனையும் என்று தெரிந்தவர்களுக்கு மனுஷர்கள் நனைவார்கள் என்று தெரியாதா? சென்னையின் வருட மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெய்கிறது. மழை எதிர்பாராதது என்றால் பிரிவு 65; எதிர்பார்த்ததுதான் என்றால் ஏற்பாடு செய்யாதது சேவைக் குறைபாடு. எந்தப் பக்கம் போனாலும் அவர்கள் பணம் தர வேண்டியிருக்கும். நுங்கம்பாக்கம் வானிலை மையம் அன்றைக்கு எச்சரிக்கை விட்டிருந்தால் அதன் பிரதியையும் சேருங்கள்.

பணம் கட்டியது மகன் என்பதால் தடையில்லை. அவர் சம்மதத்தோடு அந்தச் சேவையைப் பெற்ற நீங்களும் சட்டப்படி நுகர்வோரே. மும்பைக்கும் அலைய வேண்டாம், நீங்கள் வசிக்கும் சென்னையிலேயே புகார் செய்யலாம். டிக்கெட் விற்ற தளத்தையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி, அவர்களின் குறைதீர் அதிகாரி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும்.

ஆகவே முதலில் இருவருக்கும் 15 நாள் அவகாசம் கொடுத்து மெயில் போடுங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். சில நிறுவனங்கள் அதற்கே இறங்கி வந்துவிடும். மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே மனு. செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை (என் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டுதான் சொல்கிறேன்). இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 6,000 ரூபாயோடு ஆன்லைன் கட்டணம், மன உளைச்சலுக்கும் செலவுக்கும் சேர்த்து 10,000 என்று கேளுங்கள். டாக்சி பில்லையும் இணைத்துப் பாருங்கள், தந்தால் லாபம்.

இதற்கிடையில் ‘வேறொரு தேதிக்கு இலவச டிக்கெட்’ என்று வவுச்சர் வரலாம். பணம்தான் வேண்டும் என்றால், அதில் ‘ஏற்கிறேன்’ என்பதை அழுத்திவிட வேண்டாம் என்று மகனுக்கு இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.